கவிழ்க்காத டம்ளர்

என் மாமனார் வீட்டில் பெண் பார்க்க வருகிறவர்கள் சம்மதத்தை வாயால் சொல்வதில்லை. மாப்பிள்ளையின் தகப்பனுக்கு ஒரு கண்ணாடி டம்ளரில் வீட்டு ஒயின் கொடுப்பார்கள். சம்மதம் என்றால் அடிவரை குடித்து, காலி டம்ளரைத் தட்டில் கவிழ்த்து வைப்பார். இல்லை என்றால் ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தபடியே வைத்துவிடுவார். பிறகு மழையைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டு எழுந்து போவார்கள். பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே, ரயில் பாதையை ஒட்டியிருந்த எங்கள் கிறிஸ்தவ சபையின் சில குடும்பங்களில் மட்டும் இந்த வழக்கம் இருந்தது. வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

இதுதான் மரியாதை என்று மாமனார் சொல்வார். இளவயதில் ஆண்டை வீட்டு வாசலுக்கு வெளியே நின்று, எது கேட்டாலும் 'இல்ல போ' என்ற பதிலை வாங்கியே வளர்ந்தவர். ஊர் டீக்கடையில் எங்கள் ஆட்களுக்கான டம்ளரைக் கூரை ஓலையில் செருகி வைத்திருப்பார்கள். குடித்துவிட்டு நாமே கழுவிச் செருக வேண்டும். அதனால் எங்கள் வீட்டில் கண்ணாடி டம்ளர்கள் தனிப் பெட்டியில் துணி சுற்றி இருந்தன. எங்களுக்குள் ஒருவரை ஒருவர் வேண்டாம் என்று சொல்வதானால், அதைக் கண்ணாடியில் சொல்ல வேண்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள். சொல் இல்லாமல் அடித்தால் வலிக்காது என்று நினைத்திருக்கலாம்.

அறுபதுகளின் கடைசியில் நான் மருமகளாக அந்த வீட்டுக்குப் போனேன். அப்போது மதுவிலக்கு. ஒயின் ஜாடி நெல் குதிருக்குப் பின்னால், கோணிக்குக் கீழே இருக்கும். மாமனார் வாலிபத்தில் ஒரு மிஷன் பங்களாவில் எடுபிடி வேலை பார்த்தபோது கற்றுக்கொண்டது அது. ஐப்பசியில் கொத்தவால் சாவடியிலிருந்து கறுப்புத் திராட்சை வரும். சர்க்கரை, ஒரு பிடி கோதுமை, கிராம்பு, பட்டை. பீங்கான் ஜாடியின் வாயைத் துணியால் கட்டி, தினமும் மரக்கரண்டியால் கலக்க வேண்டும். கலக்குகிற கை மாறக்கூடாது. மாறினால் புளித்துவிடும் என்று நம்பினார்கள். அந்தக் கை என் நாத்தனாருடையது. கிறிஸ்துமஸ் நெருங்கும்போது அவள் நகக்கண்கள் ஊதா நிறத்தில் இருக்கும்.

அவளுக்கு என்னைவிட மூன்று வயது அதிகம். நான் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டில் அவள் இன்னும் வாழ்க்கைப்படாமல் இருந்தாள். பொன்னேரியில் ஒரு ரைஸ் மில்லில் நெல் புழுக்கிக் காயவைக்கும் வேலை. ஏற்கெனவே அவளுக்காக வைத்த டம்ளர்களில் இரண்டு நிமிர்ந்தே திரும்பியிருந்தன. மாமியார் இதைத் தினமும் சொல்வார். மகளுக்குச் சோறு போடும்போதுதான் சொல்வார்.

"முத்திப்போன வெண்டிக்காய சந்தையில எவன் வாங்குவான்? மாட்டுக்குத்தான் போடணும்."

"போடும்மா, நல்ல மாடா பாத்துப் போடு" என்பாள் நாத்தனார். சிரித்துக்கொண்டே சாப்பிடுவாள். தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்க மாட்டாள்.

என் கணவர் எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். காலையில் பாசஞ்சரில் போய் இருட்டிய பிறகு வருவார். தாத்தா ஏர் பிடித்தார், தகப்பன் ரயில் பாதையில் கல் தள்ளினார், இவர் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு மெஷினைத் தொட்டார். அவருடைய செட்டில் எல்லோரும் அப்படித்தான். கையில் காசும், காலில் பூட்ஸும், தகப்பன்மார் செய்த எதையும் பார்த்தால் ஒரு இளக்காரமும் இருந்தன.

மதுவிலக்கை எடுத்த வருஷம் அந்த இளக்காரத்துக்கு ஓர் இடம் கிடைத்தது. கள்ளுக்கடை, சாராயக்கடை, பிராந்திக்கடை எல்லாம் திறந்தன. கிழவர்கள் கள்ளுக்கடைப் பக்கம் போனார்கள். பிள்ளைகள் பிராந்திக்கடைக்குப் போனார்கள். இரண்டும் ஒரே சாலையில்தான் இருந்தன; தகப்பனும் மகனும் எதிரெதிரே வந்தால் பார்க்காத மாதிரி நடந்தார்கள். பிள்ளைகள் ஒன்றை உறுதியாக நம்பினார்கள்: சீல் போட்ட பாட்டிலில் வருவது சாராயம் இல்லை. சாராயம் என்பது கேனில் வருவது, கண்ணைப் பறிப்பது, கூலிக்காரன் குடிப்பது. பிராந்தி டாக்டர் எழுதித் தருவது. இதைப் படித்த பையன்களும் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அந்த மார்கழியில் ஜாடியைத் திறந்து வடிகட்டிய அன்று மாமனார் முதல் டம்ளரை மகனுக்குக் கொடுத்தார். அவர் ஒரு மடக்குக் குடித்து முகத்தைச் சுளித்தார்.

"இன்னா நைனா இது, ஒயினா சர்பத்தா? குடிச்சா இன்னாவோ குடிச்சோம்னு தெரிய வேணாமா?"

"குடிச்சவன் குடிச்சான்னு ஊருக்குத் தெரியக்கூடாதுடா. அதுக்குப் பேருதான் ஒயினு. தெரிஞ்சே ஆவணும்னா மாட்டு மூத்தரத்தக் குடி. மூஞ்சிலயே தெரியும்."

மாமியார் சிரித்தார். நாத்தனாரும் சிரித்தாள். என் கணவர் டம்ளரை வைத்துவிட்டு வெளியே போனார். மிச்சத்தை நாத்தனார் ஜாடியில் ஊற்றாமல் தானே குடித்தாள்.

அதற்கு முந்தைய மாதங்களில் என் கணவருடைய தொழிற்சாலையில் கூட வேலை செய்யும் ஒருவர் அடிக்கடி வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். கும்மிடிப்பூண்டிக்காரர், எங்கள் சபையே. நல்ல உயரம், தலைமுடியை மேலே தூக்கி வாரியிருப்பார், ஆஃப் டே என்றால் எங்கள் வீட்டில் நாஷ்டா. நாத்தனார் அவருக்கு இட்லி வைக்கும்போது மட்டும் மில் தூசு இல்லாத புடவை கட்டியிருப்பாள். ஒருநாள் கிணற்றடியில் என்னிடம் கேட்டாள்.

"அண்ணி, அவரு கருப்பா கீறவங்கள வேணாம்னுவாரா?"

"அவரே கருப்புதானே?"

"ஆம்பள கருப்பு வேற அண்ணி."

வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது. அவர் தகப்பனிடம் மாமனார் சபை வாசலில் பேசினார். கிறிஸ்துமஸ் முடிந்து வருகிறோம் என்றார்கள்.

அந்தத் தகப்பனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவருடைய மூத்த மகன் மதுவிலக்குக் காலத்தில் கள்ளச்சாராயம் குடித்து, முதலில் கண் போய், பிறகு உயிர் போய்ச் செத்தவன். அன்றிலிருந்து அவர் கள்ளையும் தொடுவதில்லை. வீட்டு ஒயினை மட்டும், அதுவும் கிறிஸ்துமஸுக்கும் பெண் பார்க்கும் இடத்திலும் குடிப்பார். அதில் ருசி தெரிந்தவர் என்று பெயர். இளைய மகனான மாப்பிள்ளை பிராந்திக்கடைக்குப் போவது அவருக்குத் தெரியாது. என் கணவருக்குத் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்துதானே போனார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு மாப்பிள்ளை வந்தபோது அவருக்கும் ஒரு டம்ளர் ஒயின் கொடுத்தோம். குடித்துவிட்டு என் கணவர் தொடையில் தட்டினார்.

"அண்ணே, இது கொழந்தைக்கி வயித்து வலிக்கிக் குடுக்கற தண்ணி. எங்க நைனா இத்தக் குடிச்சி டம்ளரக் கவுக்கறதுக்குள்ள தூங்கிப்பூடுவாரு. அப்பறம் கல்யாணம் எங்க நடக்கறது?"

உள்ளே நின்றுகொண்டிருந்த நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த ஜாடியை இரண்டு மாதம் தினமும் கலக்கியவள் அவள்தான். என் கணவர் சிரிக்கவில்லை. அவர் காது சிவந்தது. மில் வேலைக்குப் போகும் தங்கை, ரயில் பாதையில் கல் தள்ளிய தகப்பன், கூரை வீடு, இவற்றோடு இந்த இனிப்புத் தண்ணியும் சேர்ந்துவிட்டது என்று அவர் நினைத்தது முகத்தில் தெரிந்தது.

அவர்கள் வந்தது கிறிஸ்துமஸுக்கும் புதுவருஷத்துக்கும் நடுவில் ஒரு நாள், சாயங்காலம். தகப்பன், மாப்பிள்ளை, ஓர் அத்தை. ஒயினைக் காலையிலேயே ஜாடியிலிருந்து ஒரு கூஜாவில் ஊற்றி மூடி சமையலறையில் வைத்திருந்தோம். நான் பலகாரத் தட்டோடு முன்னறைக்குப் போய்விட்டேன். மாமியார் டம்ளரில் ஊற்றிக் கொடுக்க, நாத்தனார் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நீலப் புடவை, என் சங்கிலி. நடுவாசலில் அவள் கால் ஒரு நொடி நின்றது. தட்டைக் கொஞ்சம் முகத்துக்குப் பக்கமாக உயர்த்தினாள். கூச்சம் என்று அத்தை சொன்னார். பிறகு நடந்து வந்து பெரியவர் முன்னால் குனிந்தாள்.

பெரியவர் டம்ளரை எடுத்தார். வெளிச்சத்தில் நிறம் பார்த்தார். "நல்ல கலரு" என்றார். மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெரியவர் ஒரு வாய் குடித்தார்.

விழுங்கவில்லை என்பதை நான் பார்த்தேன். கன்னத்தில் அது கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தொண்டை இறங்கியது. டம்ளரைத் தட்டில் வைத்தார், நிமிர்ந்தபடி. அவர் பெண்ணைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த இயேசு படத்தைப் பார்த்தார்.

மாப்பிள்ளைக்கு அதற்கு முன்பே டம்ளர் கொடுத்திருந்தோம். அவர் முதல் மடக்கிலேயே என் கணவரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி, முழுவதையும் குடித்திருந்தார். தகப்பனின் டம்ளர் நிமிர்ந்து நின்றதைக் கண்டதும் தன் காலி டம்ளரைத் தரையில், காலுக்குப் பின்னால் தள்ளி வைத்தார்.

வழக்கப்படி பெண்ணின் தகப்பன் பிறகுதான் குடிக்க வேண்டும். மறுத்துவிட்டால் குடிக்கக்கூடாது. மாமனார் தனக்கு ஊற்றி வைத்திருந்த டம்ளரைத் தொடவில்லை. பெரியவர் வைத்த டம்ளரை எடுத்து மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அப்படி யாரும் செய்வதில்லை. மோந்தார். திரும்பி மகனைப் பார்த்தார். என் கணவர் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வார்த்தை போதும் அங்கே. என் பிள்ளை இதில் பிராந்தி ஊற்றிவிட்டான், ஜாடி சுத்தமாக இருக்கிறது, வேறு கொண்டுவரச் சொல்கிறேன் என்று மாமனார் சொல்லியிருக்கலாம். நான்தான் கலந்தேன் என்று என் கணவர் சொல்லியிருக்கலாம். நல்ல பிராந்திதான் நைனா, நான் குடித்திருக்கிறேன் என்று மாப்பிள்ளை சொல்லியிருக்கலாம். மூன்று ஆண்கள். நாத்தனார் தட்டை ஏந்தியபடி குனிந்தே நின்றாள்.

மாமனார் டம்ளரைத் தட்டிலேயே திரும்ப வைத்தார்.

"இந்த வருசம் தை பொறந்தும் மழ வுடாது போலக்கீது" என்றார்.

"ஆமா. ஏரி தளும்பினு கீது" என்றார் பெரியவர்.

இன்னும் கொஞ்ச நேரம் ஏரியைப் பற்றிப் பேசினார்கள். அத்தை மட்டும் முறுக்கு தின்றார். போகும்போது மாப்பிள்ளை என் கணவரிடம் "நாளைக்கி ஷிப்டுல பாக்கலாம்" என்றார்.

அவர்கள் தலை மறைந்ததும் மாமியார் ஆரம்பித்தார். "எந்த நேரத்துல பெத்தேனோ. மூணாவது. மூணாவது டம்ளரும் நிக்குது பாரு, இவள மாதிரியே நெட்டுக்குத்தா."

மாமனார் மகனைப் பார்த்தபடி மகளிடம் பேசினார்.

"ஒயினு கெட்டுப்போச்சு. கலக்கினது சரியில்ல. நீ எங்கியோ புத்திய வெச்சிக்கினு கலக்கிக்கிற."

நாத்தனார் அண்ணனைப் பார்த்தாள். அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"ஆமா நைனா" என்றாள்.

நான் டம்ளர்களைக் கிணற்றடிக்குக் கொண்டுபோனேன். பெரியவர் குடித்த டம்ளரில் முக்கால்வாசி இருந்தது. கொட்டும்போது வாசனை வந்தது. எனக்குப் பழக்கமான வாசனைதான். வாரத்தில் இரண்டு நாள் என் தலையணைக்குப் பக்கத்தில் வரும். அன்று இரவு கணவரிடம் கேட்டேன்.

"எவ்ளோ கலந்தீங்க?"

"கொஞ்சூண்டு. பெரியவருக்கும் சுறுக்குனு இருக்கட்டும்னுதான். சீல் போட்டதுடி அது, சாராயமா?"

"அவரு பெரிய புள்ள எப்படிச் செத்தான்?"

"அது சாராயம்" என்றார், விளக்குகிறவர் மாதிரி. பிறகு தூங்கிவிட்டார்.

நாத்தனாரிடம் நான் கேட்டது இரண்டு நாள் கழித்து.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"தட்டத் தூக்கும்போதே மோப்பம் வந்திடுச்சி அண்ணி."

"அங்கியே கீழ போட்டுட்டிருக்கலாமே."

"தட்டக் கீழ போட்ட பொண்ணுன்னு பேரு வந்திருக்கும்." கொஞ்சம் யோசித்தாள். "அதுவே மேலு போல."

மாமனார் வீட்டுக்குள் சொன்னது சபைக்கும் போனது. அவரே சொல்லியிருக்க வேண்டும், மகன் குடிக்கிறான் என்று பெயர் வருவதைவிட மகள் கையில் ராசி இல்லை என்று பெயர் வருவது அவருக்குச் சுலபமாக இருந்தது. அவள் கலக்கினால் ஒயின் புளிக்கும் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். சிலர் ஊறுகாய் ஜாடியைக்கூட அவள் பக்கத்தில் வைக்கவில்லை. மில்லிலும் ஒருத்தி இதைச் சொல்லிக் காட்டினாள் என்று கேள்விப்பட்டேன்.

வெயில் காலத்தில் அந்த மாப்பிள்ளைக்குக் கல்யாணம் நடந்தது, பெரம்பூர்ப் பெண். என் கணவரை அழைத்திருந்தார். போனார். மண்டபத்துக்குப் பின்னால் பிராந்தி இருந்ததாம், பெரியவருக்குத் தெரியாமல். திரும்பி வரும்போது கல்யாண கேக்கில் ஒரு துண்டைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து தங்கையிடம் கொடுத்தார்.

"உனக்குன்னு கேட்டு வாங்கியாந்தேன்."

அவள் அங்கேயே நின்று அதைத் தின்றாள். ஒரு துணுக்கு கீழே விழவில்லை. "முட்ட கம்மி" என்றாள்.

அடுத்த ஐப்பசியில் கலக்கும் வேலை எனக்கு வந்தது. மாமனார் மகளை ஜாடிக்குப் பக்கத்தில் வரவிடவில்லை. நான் கலக்கும்போது அவள் தூரத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குவாள். "அடியில வுட்டுக் கலக்கு அண்ணி, மேல மேல சுத்தாத" என்று மட்டும் சொல்வாள். அவளுடைய நகங்கள் அந்த வருஷம் வெள்ளையாக இருந்தன.

அதற்குள் கடையில் குடித்துப் பழகிய நாக்குகள் வீட்டிலும் பெருகியிருந்தன. அந்தக் கிறிஸ்துமஸில் என் கணவரும் அவருடைய கூட்டாளிகளும் ஒயினைத் தொடவே இல்லை. கொல்லைப்புறத்தில் பாட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மாமனார் தன் வயதுக்காரர்கள் சிலரோடு முன்னறையில் உட்கார்ந்து, சின்னச் சின்ன வாயாகக் குடித்து, போன வருஷத்து ருசி இல்லை என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். இரண்டு கூட்டத்துக்கும் கறி வறுத்துக் கொடுத்தது நாத்தனார்.

புதுவருஷம் கழிந்து திருவாலங்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. ரயில்வே கேங்கில் வேலை, மாமனாருக்கு வேலை வழியில் தெரிந்தவர். நாற்பதைத் தாண்டியவர், இரண்டு பிள்ளைகள். முதல் மனைவி கிணற்றில் விழுந்து செத்திருந்தாள். கால் வழுக்கி விழுந்தாள் என்று அவர் சொன்னார். அவளுடைய ஊர்ப் பெண் ஒருத்தி நாத்தனாரோடு மில்லில் வேலை செய்தாள். அவள் வேறு விதமாகச் சொன்னாள். குடித்துவிட்டு வந்தால் வீட்டில் எது கையில் கிடைத்தாலும் வீசுவாராம். நாத்தனார் அதை வீட்டில் சொன்னாள்.

"எந்த ஆம்பள குடிக்கல?" என்றார் மாமியார். "உங்க அண்ணன் குடிக்கல? இவள அவன் கெணத்துலயா தள்ளிட்டான்?" என்று என்னைக் காட்டினார்.

"நைனா, எனக்கு வேணாம்."

மாமனார் பெட்டியிலிருந்து கண்ணாடி டம்ளர்களை எடுத்துத் துணியைப் பிரித்துக்கொண்டிருந்தார். "வேணும் வேணாங்கறத டம்ளரு சொல்லும்" என்றார்.

வரனுக்குத் தாய் தகப்பன் இல்லை. அதனால் டம்ளர் அவருக்கே. சாயங்காலம் வந்தார், வெற்றிலை போட்ட வாய், வெள்ளைச் சட்டை, கண்ணில் மஞ்சள். வரும் வழியிலேயே எங்கோ நின்றுவிட்டு வந்திருக்கிறார் என்பது அவர் உட்கார்ந்த விதத்தில் தெரிந்தது. அன்று மாமியாருக்கு முட்டி வலி. ஒயினைத் தானே ஊற்றிக்கொண்டு வருவதாக நாத்தனார் சொன்னாள். சமையலறையில் கொஞ்ச நேரம் எடுத்தாள். தட்டோடு வரும்போது இந்தமுறை நடுவாசலில் நிற்கவில்லை. நேராக நடந்து வந்து குனிந்து, அவர் முகத்தையே பார்த்தாள். பெண் பார்க்க வந்தவர் முகத்தை அவள் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

அவர் டம்ளரை எடுத்து நிறம் பார்க்கவில்லை. ஒரே மூச்சில் குடித்தார். தொண்டை மூன்று நான்கு முறை ஏறி இறங்கியது. புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு டம்ளரைத் தட்டில் கவிழ்த்தார்.

"தேனாட்டம் கீது" என்றார். "இன்னும் கீதா?"

மாமனார் முகம் மலர்ந்ததை அன்றுதான் நீண்ட நாளைக்குப் பிறகு பார்த்தேன். தன் டம்ளரை எடுத்து, சின்ன வாயாக ஒன்று குடித்து, நாக்கில் நிறுத்தி, விழுங்கினார். "நாக்கு தெரிஞ்ச மனுசன்" என்று சொன்னார். என் கணவர் எழுந்து வரனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நாத்தனார் தட்டை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

கிணற்றடியில் அந்தக் கவிழ்த்த டம்ளரை நிமிர்த்தினேன். உட்பக்கத்தில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. கரையாத கல் உப்பு. விரலால் வழித்து நாக்கில் வைத்தேன். உடனே துப்பினேன். ஒரு பிடி போட்டிருப்பாள். நாய்கூட முகர்ந்துவிட்டுப் போயிருக்கும்.

நாத்தனார் பின்னால் வந்து நின்றாள்.

"முழுசாவா குடிச்சாரு அண்ணி? கொஞ்சங்கூட வெக்கலியா?"

"வெக்கல."

அவள் என் கையிலிருந்து டம்ளரை வாங்கி, தண்ணீர் ஊற்றி, அவளே கழுவினாள். இரண்டு முறை கழுவினாள்.

"அவருக்கு நாக்கே இல்ல" என்றாள். துடைத்துத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைக்கப் போனாள்.

அடுத்த ஞாயிறு சபையில் அவர்கள் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலையை வாசித்தார்கள். இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் இப்போதே சொல்லலாம் என்று பாதிரியார் வழக்கம்போலக் கேட்டு, வழக்கம்போலக் கொஞ்சம் நிறுத்தினார். ஆண்கள் பக்கத்தில் மாமனாரும் என் கணவரும் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு வரிசைக்கு முன்னால் அந்தக் கும்மிடிப்பூண்டிப் பெரியவர் இருந்தார். யாரோ இருமினார்கள். என் பக்கத்தில் நாத்தனார் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து, அடுத்த பாட்டின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தாள்.